புது ரைபிளின் முதல் ரவைகள்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. ஒன்ராறியோவின் நவம்பர் மான் வேட்டையை எண்ணி, உரிமமும் வேட்டைப் பயிற்சிச் சான்றும் கிடைத்த கையோடு முதல் ரைபிளை வாங்கியவர்கள், அதன் குழலைத் தொடக்கத்தில் சுட்டும் துடைத்தும் எப்படிப் பழக்குவது, அது குறி தவறாமல் சுடுகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். சொற்களைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. உறையும் வெடிமருந்தும் சேர்ந்த முழுத் தோட்டாவை ரவை என்றும், குழலை விட்டுப் பறந்து போகும் உலோகத் துண்டைச் சன்னம் என்றும் எங்கள் ஊர் வழக்கப்படியே எழுதுகிறேன். கனடாவில் வேட்டைக்காரர்கள் இன்னும் கஜம், அங்குலம், கிரெயின் (சன்னத்தின் எடைக்கான அளவு) கணக்கில்தான் பேசுகிறார்கள் என்பதால் அளவுகளும் அப்படியே இருக்கின்றன.

கேள்வி: ஐயா, .308 வின்செஸ்டர் என்னும் ரவை வகைக்கான போல்ட் ரைபிள் (கையால் இழுத்துத் திறந்து மூடும் போல்ட் கொண்டது) ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு ரவையைச் சுட்டதும் குழலைத் துடைத்து, இப்படியே 20 ரவை வரை செய்யாவிட்டால் அந்தக் குழல் ஒருநாளும் சரியாகச் சுடாது என்று நண்பர் ஒருவர் எச்சரிக்கிறார். அதெல்லாம் வீண் வேலை என்கிறார் கடைக்காரர். நான் யார் பேச்சைக் கேட்பது? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: நான் உங்கள் கடைக்காரர் பக்கம் சாய்கிறேன். ஆனாலும் முதல் 20 ரவைகளை நிதானமாகவும் கவனமாகவும் சுட வேண்டும் என்பதில் உங்கள் நண்பரோடு உடன்படுகிறேன். இது நெடுநாள் வழக்கு. இரு தரப்பிலும் விவரம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரைபிள் குழலின் உட்புறத்தில் சன்னத்தைச் சுழலவைக்கும் புரிகள் இருக்கின்றன. இப்புரிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பதுண்டு. கடினமான உலோகப் பொத்தான் ஒன்றைக் குழலுக்குள் இழுத்துப் பதிப்பதுண்டு. அச்சுக் கம்பியைச் சுற்றி எஃகைச் சுத்தியல் இயந்திரத்தால் அடித்து உருவாக்குவதுமுண்டு. எப்படிச் செய்தாலும், கடைசியில் ரவை உட்காரும் அறையைக் கடைசல் கருவி ஒன்றால் குடைந்தாக வேண்டும். அந்தக் கருவி சுழன்று வெட்டும்போது, அறை முடிந்து புரிகள் தொடங்கும் இடத்தில், அதாவது குழலின் தொண்டையில், சன்னம் போகும் திசைக்குக் குறுக்காக நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. சன்னத்தின் வெளியுறை பெரும்பாலும் செம்புக் கலவை. அக்கீறல்கள் அரம் போல அந்தச் செம்பைச் சுரண்டுகின்றன. சுரண்டப்பட்ட செம்பு வெடிவாயுவின் சூட்டில் ஆவியாகி, தொண்டைக்கு அப்பால் குழலின் உட்சுவரில் படிகிறது. அமெரிக்காவின் கிரீகர் குழல் தயாரிப்பாளர்கள் பழக்குதலுக்குச் சொல்லும் காரணம் இதுதான். ஒவ்வொரு ரவைக்கும் பிறகு படிந்த செம்பை அகற்றிவிட்டால், அடுத்த சன்னம் செம்பின் மீது செம்பாக உரசாமல் வெறும் எஃகின் மீது உரசிக் கீறல்களை விரைவாக மழுங்கச் செய்யும் என்பது அவர்களுடைய தருக்கம்.

எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கக்கூடியது அல்ல. அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞரான கேல் மெக்மில்லன், இந்த வழக்கம் குழலின் ஆயுளில் ஒரு பகுதியை வீணாக்குவதைத் தவிர வேறெதையும் செய்யாது என்று வெளிப்படையாகவே எழுதியவர். இங்கே ஓர் அடிப்படைச் சிக்கலும் இருக்கிறது. ஒரே குழலை ஒருமுறை பழக்கியும் ஒருமுறை பழக்காமலும் சோதிக்க முடியாது. பழக்கிய குழல் நன்றாகச் சுட்டால், பழக்காமல் விட்டிருந்தாலும் அது அப்படியே சுட்டிருக்காதா என்ற கேள்விக்கு அந்தக் குழலிடம் பதில் இல்லை.

என் அனுபவத்தில், உட்புறம் கையால் மெருகேற்றப்பட்ட விலையுயர்ந்த போட்டிக் குழலில் தொண்டை மட்டுமே சொரசொரப்பாக இருப்பதால் அந்த வேலை விரைவில் முடிந்துவிடுகிறது. தொழிற்சாலையில் இருந்து வரும் சாதாரண வேட்டை ரைபிளிலோ குழல் முழுவதிலுமே கருவித் தடங்கள் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக 20 முறை துடைத்தாலும் அவை மறைவதில்லை. குரோமியம் பூசிய குழலில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இன்னொன்றையும் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். பழக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு, வாய்ப்பக்கத்தில் இருந்து வளைந்த கம்பியை நுழைத்து, சன்னம் கடைசியாகத் தொட்டுச் செல்லும் குழல் வாயின் விளிம்பைத் தேய்த்துக் கெடுத்துவிடுகிறார்கள். பழக்காமல் விட்ட குழலைவிட அது மோசமாகச் சுடும்.

ஆகவே நான் செய்வதைச் சொல்கிறேன். கையேட்டில் தயாரிப்பாளர் ஏதேனும் முறை சொல்லியிருந்தால் முதலில் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் முதல் ரவைக்குப் பிறகு ஒருமுறை, ஐந்தாவதற்குப் பிறகு ஒருமுறை, பிறகு பத்திலும் இருபதிலும் துடையுங்கள். பூச்சிட்ட, இணைப்பில்லாத ஒரே கம்பியைப் போல்ட்டைக் கழற்றிய பின்பக்க வழியாக, வழிகாட்டிக் குழாய் வைத்து நுழையுங்கள். முதலில் கரியைக் கரைக்கும் திரவம், அது முடிந்ததும் செம்புக் கரைப்பான். கரைப்பானில் நனைத்த துணித்துண்டை உள்ளே செலுத்திவிட்டு, புட்டியில் எழுதியிருக்கும் நேரம் மட்டும் பொறுத்து, உலர்ந்த துணியைத் தள்ளிப் பாருங்கள். வெள்ளைத் துணி மயில்துத்த நீலத்தில் வெளியே வந்தால் உள்ளே இன்னும் செம்பு இருக்கிறது என்று பொருள். அமோனியா கலந்த கரைப்பானைக் குறித்த நேரத்துக்கு மேல் குழலில் விட்டுவைக்க வேண்டாம்.

கம்பியின் நுனியில் துணியைப் பிடிக்கும் முனை பித்தளையாக இருந்தால் கரைப்பான் அதையும் தின்னும். குழல் சுத்தமான பிறகும் துணி நீலமாகவே வந்துகொண்டிருக்கும். நான் ஒரு மாலைப் பொழுது முழுவதும் இப்படி ஏமாந்து குழலைத் தேய்த்த பிறகுதான் நிக்கல் பூசிய முனைக்கு மாறினேன். பிளாஸ்டிக் முனையும் போதும்.

ஐந்தாவது ரவைக்குப் பிந்திய நீலத்தையும் இருபதாவதற்குப் பிந்திய நீலத்தையும் ஒப்பிடுங்கள். நிறம் வெளிறிக்கொண்டே போனால் குழல் தானாகப் பழகி வருகிறது. வெளிறாவிட்டாலும் கவலை வேண்டாம். செம்பு அதிகம் படியும் குழல்கள் பல மிக நன்றாகவே சுடுகின்றன. அவற்றைச் சற்று அடிக்கடி துடைக்க வேண்டும், அவ்வளவுதான். பழக்கும் நாட்களில் குழலுக்கு உண்மையான கேடு சூட்டால் வருகிறது. வேட்டை ரைபிளின் குழல் தோளில் சுமப்பதற்காக மெலிதாகச் செய்யப்பட்டது. அடுத்தடுத்து பத்து ரவை சுட்டால் தொண்டைப் பகுதி எரிந்து தேயும். மூன்று ரவைக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, கையால் தொட்டால் குழல் குளிரும்வரை காத்திருங்கள்.

கேள்வி: பெட்டியில் இருந்து எடுத்த ரைபிளை அப்படியே சுடுகளத்துக்குக் கொண்டுபோகலாமா? (மார்க்கம் வாசகர்)

பதில்: கூடாது. தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயும் பசையும் குழலுக்குள் இருக்கும். ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, உலர்ந்த துணியை இரண்டு மூன்று முறை செலுத்திவிட்டு, வெளிச்சத்தை நோக்கிக் குழல் வழியே பாருங்கள். உள்ளே ஒரு துணித்துண்டு சிக்கியிருந்தால்கூட அடுத்த ரவையில் குழல் பிளக்கக்கூடும்.

பிறகு திருகுகள். ரைபிளையும் அதைத் தாங்கும் கட்டையையும் இணைக்கும் திருகுகள், ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) அடித்தளத் திருகுகள், அதைப் பிடிக்கும் வளையத் திருகுகள் ஆகிய மூன்றையும் டோர்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) கொண்டு, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வாங்கிய ரைபிளுக்கு ஸ்கோப்பைக் கடையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். சுடுகளத்தில் சன்னங்கள் ஒன்றுக்கொன்று 3 அங்குல இடைவெளியில் இரண்டு கூட்டங்களாக விழுந்தன. ரவையை மாற்றினேன், மணற்பையை மாற்றினேன், என் மூச்சையும் கையையும் சந்தேகித்தேன். இரண்டு பெட்டி ரவை தீர்ந்த பிறகு ஸ்கோப்பைக் கழற்றிப் பார்த்தபோது, முன் அடித்தளத் திருகு விரலால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அன்றுமுதல் யார் பொருத்திக் கொடுத்தாலும் கழற்றி, எண்ணெய்ப் பசை நீக்கி, நானே முறுக்குகிறேன்.

குழல் கட்டையைத் தொடாமல் நிற்கும்படி செய்யப்பட்ட ரைபிளானால், ஒரு காகிதத் துண்டை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே நுழைத்து அறைப்பக்கம் வரை இழுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் குழல் சூடேறும்போது அந்த இடம் சன்னத்தைத் திசை திருப்பும்.

கேள்வி: சுடுகளத்தில் 100 கஜத்தில் சுட்ட முதல் நான்கு ரவைகளும் தாளிலேயே படவில்லை. ரைபிளில் குறையா? (பிரம்டன் வாசகர்)

பதில்: குறை எதுவும் இருக்க வேண்டியதில்லை. புதிதாகப் பொருத்திய ஸ்கோப் குழல் நோக்கும் திசையையே நோக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 100 கஜத்தில் அந்த வேறுபாடு ஓரடிக்கு மேலும் போகலாம். ஆகவே 25 கஜத்தில் தொடங்குங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு ரைபிளை மணற்பைகளில் அசையாமல் அமர்த்தி, குழலின் பின்பக்கத் துளை வழியே பார்த்து, இலக்கின் கரும்புள்ளி துளையின் நடுவில் தெரியும்படி வையுங்கள். ரைபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் குமிழ்களைத் திருப்பி, குறுக்குக்கோடும் அதே புள்ளியில் நிற்கும்படி செய்யுங்கள். இதற்கு ஒரு ரவைகூடச் செலவாகாது. பிறகு சுட்டால் சன்னம் தாளில் விழும்.

கோணக்கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை, ஆங்கிலத்தில் எம்.ஓ.ஏ. என்று சொல்வது இதைத்தான். 100 கஜத்தில் அது 1.047 அங்குலம், வேட்டைக்கு ஓர் அங்குலம் என்றே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்களில் குமிழின் ஒரு கிளிக் கால் கலை. அதாவது 100 கஜத்தில் கால் அங்குலம், 25 கஜத்தில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. 25 கஜத்தில் சன்னம் 2 அங்குலம் வலப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம் 32 கிளிக் திருப்ப வேண்டும். நான்கில் ஒரு பங்கு தூரத்தில் நான்கு மடங்கு கிளிக் என்பதை மறந்து எட்டு மட்டும் திருப்பிவிட்டுக் குழம்புபவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை அங்குல உயரத்தில் இருப்பதால், 25 கஜத்தில் சன்னம் குறிக்கு அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்து பட்டால், 100 கஜத்தில் குறிக்கு அருகே வந்துவிடும். அங்கே கடைசித் திருத்தத்தைச் செய்யுங்கள். ஒரே ஒரு துளையைப் பார்த்து குமிழைத் திருப்ப வேண்டாம். மூன்று அல்லது ஐந்து சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள்.

மான் வேட்டைக்கு நான் 150 கிரெயின் .308 ரவையை 100 கஜத்தில் 2 அங்குலம் உயரமாகப் படும்படி வைக்கிறேன். அப்போது 200 கஜத்தில் சன்னம் குறியிலேயே படும். 300 கஜத்தில் ஏறக்குறைய 9 அங்குலம் தாழ்ந்துவிடும். அவ்வளவு தூரத்தில் சுடத் தொடங்குபவர் எவருக்கும் நான் இடம் கொடுப்பதில்லை.

கேள்வி: முதல் நாளில் மூன்று ரவைகள் 0.6 அங்குலத்துக்குள் விழுந்தன. மறுவாரம் அதே ரைபிள், அதே ரவைப் பெட்டி, மூன்றும் 1.8 அங்குலத்துக்குச் சிதறின. ஒரு வாரத்தில் ரைபிள் கெட்டுப்போகுமா? (ஒட்டாவா வாசகி)

பதில்: கெடவில்லை, அம்மா. முதல் நாளில் நீங்கள் கண்டது ரைபிளின் உண்மையான அளவும் அல்ல. மூன்று துளைகள் என்பது மிகச் சிறிய மாதிரி. ஒரே ரைபிள், ஒரே ரவை, ஒரே கை என்று வைத்து மூன்று ரவைக் குரூப்களை (ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டங்களை) பலமுறை சுட்டால், அவற்றின் சராசரி 1.2 அங்குலமாக இருக்கும்போது 0.6 என்பதும் 1.8 என்பதும் அடிக்கடி வந்து போகும் எண்களே. நல்ல நாளில் சுட்ட 0.6 அங்குலத் தாளைப் படம் பிடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை எல்லாம் என் கைத்தவறு என்று ஒதுக்கும் பழக்கம் எல்லோருக்கும் வருகிறது. அந்த ஒதுக்கிய தாள்களையும் சேர்த்தால்தான் ரைபிள் என்ன செய்கிறது என்பது தெரியும்.

ரவைகளின் எண்ணிக்கை கூடக்கூட குரூப்பின் அளவும் கூடுவது இயல்பு. மூன்று ரவைக் குரூப்களின் சராசரி 1 அங்குலம் என்றால், அதே ரைபிளின் ஐந்து ரவைக் குரூப்களின் சராசரி ஏறக்குறைய 1.27 அங்குலமும், பத்து ரவைக் குரூப்களின் சராசரி ஏறக்குறைய 1.6 அங்குலமும் வரும். சிதறலின் கணிதம் அப்படி. ஆகவே ஒருவர் தன் ரைபிள் ஓர் அங்குலம் சுடுகிறது என்று சொன்னால், எத்தனை ரவை, எத்தனை குரூப் என்று கேளுங்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இது. ஐந்து ரவைக் குரூப்கள் நான்கைச் சுடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே குழல் முழுவதும் குளிரட்டும். வெகுதூரம் விலகிய இரண்டு துளைகளின் நடுவில் இருந்து நடுவரை அளந்து, நான்கின் சராசரியை எடுங்கள். விலகி விழுந்த துளை எதையும் கழிக்க வேண்டாம். அந்தச் சராசரி 2 அங்குலம் வந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 8 அங்குலம் அகலம். 100 கஜத்தில் 2 அங்குலம் சுடும் ரைபிள் 200 கஜத்தில் ஏறக்குறைய 4 அங்குலம் சுடும். அதாவது குறியில் இருந்து 2 அங்குலம் அங்கும் இங்கும். காட்டில் மானைத் தப்பவிடுவதும், அதைவிடக் கொடுமையாகக் காயப்படுத்தி விடுவதும் அந்த 2 அங்குலத்தால் நிகழ்வதில்லை.

சுடும்போது முன்கட்டையை மணற்பையில் வையுங்கள், குழலை ஒருபோதும் வைக்காதீர்கள். பின்கட்டைக்கு அடியிலும் ஒரு சிறு பை வேண்டும். துளைகள் மேல்நோக்கி வரிசையாக ஏறிக்கொண்டே போனால் குழல் சூடேறிவிட்டது என்பது என் முதல் சந்தேகம். காகிதத் துண்டால் கட்டையின் இடைவெளியையும் மறுபடி பாருங்கள்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் ரவை சிறந்தது? (மிசிசாகா வாசகர்)

பதில்: உங்கள் குழலுக்குப் பிடித்ததே சிறந்தது, அதை அந்தக் குழல்தான் சொல்ல வேண்டும். சன்னத்தின் எடை, நீளம், உறையின் வடிவம், வேகம் ஆகியவை ஒரு குழலின் புரிச் சுற்றோடும் அதிர்வோடும் ஒத்துப்போவது ஒவ்வொரு ரைபிளிலும் வேறுபடும். ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே ரவையை விரும்புவதில்லை. 150, 165, 180 கிரெயின் எடைகளில் எடைக்கொரு பெட்டியாக மூன்று வகை வேட்டை ரவைகளை வாங்கிச் சோதியுங்கள். பயிற்சிக்கு மலிவான ரவையும் வேட்டைக்கு வேறு ரவையும் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இரண்டும் ஒரே இடத்தில் படுவதில்லை, 100 கஜத்திலேயே 2, 3 அங்குலம் விலகுவதுண்டு. ரவையைத் தேர்ந்த பிறகு, பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண்ணைப் பார்த்து, ஒரே எண்ணுள்ள பெட்டிகளைப் பல ஆண்டுக்குப் போதுமான அளவு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இலங்கையில், வன்னியில் அப்பாவிடம் துவக்கு (துப்பாக்கி) இருந்தது. அதற்கு இப்படிப் பழக்கியதாக நினைவில்லை. (சட்பரி வாசகர்)

பதில்: தேவையும் இருந்திருக்காது. நாங்கள் ஊரில் கண்ட, வாய்வழியே மருந்தை இட்டு இடிக்கும் இடியன் துவக்குகளின் குழலில் புரிகளே இல்லை. அவற்றில் இருந்து ஒன்றுக்கு மேற்பட்ட சிறு குண்டுகள் ஒருசேரப் பரவிப் பறக்கும். இங்குள்ள வாத்து வேட்டைத் துவக்குகளும் அத்தகையவையே. 40 கஜத்தில் பெரிய தாளை வைத்துச் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை குண்டுகள் பட்டன, இடையில் வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே அவற்றுக்கான சோதனை.

கேள்வி: என் கணவர் சுட்டால் குரூப் சிறிதாக வருகிறது, அதே ரைபிளை நான் சுட்டால் எல்லாம் தாழ்ந்து இடப்பக்கம் போகின்றன. (ஏஜாக்ஸ் வாசகி)

பதில்: சத்தத்துக்கும் தோளில் இடிக்கும் இடிக்கும் உடல் முன்கூட்டியே சுருங்குவதுதான் பெரும்பாலும் காரணம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல், உங்கள் கணவர் சில முறை உண்மையான ரவையையும் சில முறை வெடிக்காத பயிற்சி ரவையையும் ரைபிளில் இட்டுத் தரட்டும். பயிற்சி ரவை இருக்கும்போது நீங்கள் விசையை அழுத்தினால் சத்தம் 'கிளிக்' என்று மட்டும் வரும். அந்தக் கணத்தில் குழலின் வாய் கீழே குத்திட்டு இறங்குவதை இருவருமே பார்ப்பீர்கள். வெடிச் சத்தத்தின் மறைவில் ஒவ்வொரு முறையும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

.308 போன்ற ரவையின் ஒலி காதுக்கு உடனடிக் கேடு விளைவிக்கும் 140 டெசிபலைத் தாண்டுவது. ஆகவே காதுக்குள் பஞ்சடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்து இரண்டும் அணியுங்கள். சுருங்கும் பழக்கத்தில் பாதி அதிலேயே குறையும். தோளுக்கு ஒரு மெத்தை வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கணவருக்கு அளவெடுத்த ரைபிள் உங்கள் தோளில் தவறான இடத்தில்தான் இடிக்கும். வீட்டில், ரவைகள் எல்லாம் வேறு அறையில் பூட்டியிருக்க, வெற்று ரைபிளில் விசையை மெதுவாக அழுத்திப் பழகுங்கள். ஒரு நாளைக்கு இருபது ரவைக்கு மேல் சுட வேண்டாம். களைத்த தோளோடு சுட்டு வரும் பழக்கம் கெட்ட பழக்கமாகவே ஊன்றிவிடும்.

கேள்வி: ரைபிளும் பழகிவிட்டது, குரூப்பும் ஒன்றரை அங்குலம் வருகிறது. இனி வேட்டைக்குத் தயார் என்று எப்படித் தெரியும்? (லண்டன், ஒன்ராறியோ வாசகர்)

பதில்: எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிக முக்கியமானது இதுதான். காட்டில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த குழலில் இருந்து ஒரே ஒரு ரவை. மணற்பையில் சுட்ட ஐந்தில் மூன்றாவது எங்கே பட்டது என்பதால் அந்த மானுக்கு எந்தப் பயனும் இல்லை. குளிர்ந்த குழலின் முதல் சன்னம் மற்றவற்றோடு சேராமல் தனியே விலகி விழும் ரைபிள்கள் பல உண்டு. குழலுக்குள் எண்ணெய் இருந்தால் விலகல் இன்னும் கூடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். துடைத்த குழலில் இரண்டு மூன்று ரவை சுட்டுச் சிறிது கரி படியவிட்டு, அதன்பின் வேட்டைக்காலம் முடியும்வரை துடைக்காதீர்கள். மழையில் நனைந்தால் மட்டும் உலர்ந்த துணியைச் செலுத்துங்கள். ஐந்து வெவ்வேறு நாட்களில் சுடுகளத்துக்குப் போய், ஒவ்வொரு நாளும் ஒரே தாளில், குளிர்ந்த குழலில் இருந்து முதல் ரவையை மட்டும் சுட்டுத் துளைக்குப் பக்கத்தில் தேதியும் வெப்பநிலையும் எழுதுங்கள். அந்த ஐந்து துளைகளின் கூட்டம்தான் உங்கள் உண்மையான குரூப். என்னுடைய ஒரு ரைபிளில் அது மற்றக் குரூப்புக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கிறது. வேட்டைக்கு நான் ஸ்கோப்பை அதற்கேற்ப வைக்கிறேன்.

அந்த ஐந்து நாட்களில் ஒன்றிரண்டாவது குளிர்நாளாக இருக்கட்டும். ஆகஸ்டில் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சீர்செய்த ரைபிள் நவம்பரில் உறைநிலைக்குக் கீழே சுடும்போது, வெடிமருந்து சற்று மெதுவாக எரிவதால் சன்னத்தின் வேகம் குறையும். 100, 150 கஜத்துக்குள் அது பெரிதாகத் தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து போல்ட்டுக்குள் இருக்கும் பசை. குளிரில் அது இறுகி, ரவையைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியின் வேகத்தைக் குறைக்கும்போது, மான் எதிரே நிற்க ரவை வெடிக்காமல் போகும். அக்டோபரிலேயே போல்ட்டைப் பிரித்துப் பசையை நீக்கி, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு மட்டும் இடுங்கள். குளிரில் இருந்து வந்த ரைபிளை நேரே சூடான அறைக்குள் கொண்டுவந்து திறக்கவும் வேண்டாம். ஸ்கோப்பின் கண்ணாடியிலும் குழலுக்குள்ளும் நீர் கோத்துக்கொள்ளும். பெட்டியை மூடியபடியே சில மணி நேரம் வையுங்கள்.

கடைசியாக, மேசையை விட்டு எழுந்திருங்கள். 8 அங்குல அகலமுள்ள காகிதச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை 50 கஜத்தில் நிறுத்தி, காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, நின்று, மண்டியிட்டு, தடிகளில் சாய்த்து, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து ரவை சுடுங்கள். ஐந்தும் தட்டில் பட்டால் 75 கஜத்துக்குப் போங்கள், பிறகு 100க்கு. எந்தத் தூரத்தில் ஐந்தில் ஒன்று தட்டை விட்டு விலகுகிறதோ, அதற்கு முந்திய தூரமே அந்த நிலையில் இந்த ஆண்டு உங்களுக்கான எல்லை. என்னோடு முதன்முறை வந்த ஒருவர் நின்றபடி 50 கஜத்தைத் தாண்டவில்லை. அவ்வாண்டு 80 கஜத்தில் நின்ற மானைச் சுடாமல் விட்டார். மறு ஆண்டு தடிகளோடு பழகிவந்து 90 கஜத்தில் ஒரே ரவையில் வீழ்த்தினார்.

தட்டுகளின் பின்புறத்தில் தூரத்தையும் நிலையையும் எழுதி, தேதியிட்ட அந்த ஐந்து துளைத் தாளோடு சேர்த்து ரைபிள் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த செப்டம்பரில் முதல் ரவையைச் சுட்டதும் அதை எடுத்து விரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.